எண்ணைப் பிடித்தால் ஊர் கிடைக்கும்: நேட்டாலுக்குக் கப்பலேறிய மூதாதையைத் தேடுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் கவெண்டர், மூட்லி, மூன்சாமி என்றெல்லாம் குடும்பப் பெயர்கள் உண்டு. வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். கவுண்டர், முதலி, முனுசாமி. நமக்கு இது விளையாட்டு. ஆனால் ஐந்தாம் தலைமுறையாக அங்கேயே பிறந்து, வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த ஒருவருக்கு இது திறக்காத பூட்டு. ஆவணங்கள் எல்லாம் அவர்கள் ஊரில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தேவையான காது நம் ஊரில் இருக்கிறது.

அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். என்றைக்காவது ஒரு தூரத்து உறவு "என் கொள்ளுத்தாத்தாவின் ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?" என்று உங்களுக்கு எழுதலாம். அல்லது உங்கள் வீட்டிலேயே, "பாட்டனோட தம்பி சண்டை போட்டுக்கிட்டு கப்பலேறிப் போயிட்டான், அப்புறம் தகவலே இல்லை" என்று ஒரு கதை இருக்கலாம். இரண்டுக்கும் வழி ஒன்றுதான். திசை மட்டும் வேறு.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல், நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள். டர்பன் இருக்கும் நேட்டால் அப்போது ஆங்கிலேயக் குடியேற்ற நாடு. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அன்று தொடங்கி 1911 ஜூலையில் 'உம்லாஸி' கப்பல் கடைசியாக வந்து சேரும் வரை, 384 பயணங்களில் 1,52,184 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் போனார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். மற்றவர்கள் கல்கத்தாவில். ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் சம்பளம், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். 'அக்ரிமென்ட்' என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆனது.

இவ்வளவு பேரைப் பற்றியும் ஆளுக்கு ஒரு வரி இன்றைக்கும் இருக்கிறது. யாரோ அக்கறையோடு வம்ச வரலாறு எழுதி வைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒப்பந்தம் முடியுமுன் ஒருவன் தோட்டத்தை விட்டு ஓடிவிட்டால் பிடிக்க வேண்டும்; செத்தால் கணக்கில் கழிக்க வேண்டும்; ஐந்து வருடம் முடிந்ததா என்று பார்க்க வேண்டும். அதற்காக எழுதப்பட்ட பதிவேடுகள் இவை. மாட்டுக்குச் சூடு போடுவதைப் போல ஆளுக்கு ஓர் எண் போட்டார்கள். அந்த எண்தான் இன்றைக்கு நமக்குக் கைகொடுக்கிறது. காலனி எண் என்று அதற்குப் பெயர். ட்ரூரோவில் இறங்கிய முதல் ஆளிடமிருந்து ஒன்று, இரண்டு என்று தொடங்கி, கைக்குழந்தைக்கும் விடாமல் எண் போட்டுக்கொண்டே போனார்கள்.

எனவே தேடலின் முதல் வேலை பெயரைத் தேடுவது அல்ல, எண்ணைத் தேடுவது. டர்பன் உறவினரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்: "வீட்டில் பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா, அதில் நான்கு முதல் ஆறு இலக்கத்தில் ஓர் எண் இருக்கிறதா?"

எண் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும்? ஒப்பந்தம் முடிந்ததற்குக் கொடுத்த விடுதலைச் சீட்டில் இருக்கும். மூன்று பவுண்டு வரி கட்டிய ரசீதில் இருக்கலாம். (ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கியவர்கள் மீது 1895 ஆம் ஆண்டுச் சட்டத்தால் போடப்பட்ட வருடாந்தர வரி அது. 1914இல்தான் ஒழிந்தது.) அங்கேயே பிறந்த பிள்ளைகளின் பிறப்புப் பதிவில், தாய் தந்தையின் எண்களைச் சேர்த்து எழுதும் வழக்கம் இருந்தது. திருமணப் பதிவிலும் அப்படித்தான். ஆகவே கப்பலேறியவரின் காகிதம் தொலைந்து போயிருந்தாலும் அவருடைய மகன் அல்லது மகளின் பதிவில் அது கிடைக்கலாம். பல குடும்பங்களில் காகிதம் வைத்த தகரப் பெட்டியே இல்லாமல் போயிருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். நிறவெறி ஆட்சியில், 1950ஆம் ஆண்டின் குடியிருப்புப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, டர்பனில் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து இந்தியக் குடும்பங்களைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த் பக்கம் அனுப்பினார்கள். அந்த அலைச்சலில் பெட்டி படுக்கை எது மிஞ்சியது, எது போனது என்று யார் கணக்கு வைத்திருப்பார்கள்?

எண் கிடைக்கவில்லை என்றால் தலைமுறையைப் பின்னோக்கி எண்ண வேண்டும். இன்றைக்கு இருப்பவரிடமிருந்து தொடங்கி, அவருடைய அப்பா, தாத்தா என்று ஒவ்வொரு படியாக, கையில் ஒரு காகிதம் இருந்தால்தான் அடுத்த படி. நேரே 1880க்குத் தாவி, "முனுசாமி என்று ஒருத்தர் இருக்கிறார், இவர்தான் நம் ஆள்" என்று பிடித்துக்கொள்கிற ஆர்வக் கோளாறு எல்லாருக்கும் வரும். நேட்டாலுக்குப் போன முனுசாமிகளை வரிசையில் நிறுத்தினால் ஒரு திருவிழாவே நடத்தலாம்.

ஒரு சின்ன உதவிக் குறிப்பு: 1866 முதல் 1874 வரை நேட்டாலுக்கு ஆட்களை அனுப்புவது நின்றிருந்தது. பொருளாதார மந்தம் ஒரு காரணம். திரும்பி வந்தவர்கள் சொன்ன கொடுமைக் கதைகள் இன்னொரு காரணம். "1870 வாக்கில் வந்தாராம்" என்று குடும்பத்தில் சொன்னால், அது முதல் அலையா இரண்டாவது அலையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் அலையில் போனவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம் பேர்தான். எனவே எண் நான்கு இலக்கத்தில், ஆறாயிரத்துக்குள் இருந்தால் ஆள் 1866க்குள் போய்விட்டவர்.

சரி, எண் கிடைத்துவிட்டது. அடுத்தது கப்பல் பட்டியல். மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றிய வடிவம், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தின் வழியாகக் கிடைக்கிறது. ஒரு வரியில் என்னென்ன இருக்கும் என்று பார்த்தால் அசந்துபோவீர்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள், கடைசியில் குறிப்பு. 'தாணா' என்பது வடக்கத்திச் சொல், ஒரு காவல் நிலையத்துக்கு உட்பட்ட பகுதி. சென்னையிலிருந்து போனவர்களுக்கு அந்த இடத்தில் பெரும்பாலும் தாலுகா இருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அடையாளக் கட்டம். "இடது முழங்காலில் தழும்பு", "வலது கன்னத்தில் மச்சம்" என்று எழுதியிருப்பார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியதுதான். புகைப்படம் இல்லாத குடும்பத்துக்கு, கொள்ளுத்தாத்தாவின் உடம்பைப் பற்றிக் கிடைக்கும் ஒரே செய்தி அது.

பட்டியலில் உங்கள் ஆளின் வரியைப் பார்த்ததும் நிறுத்திவிடாதீர்கள். மேலே பத்து எண், கீழே பத்து எண் பாருங்கள். குடும்பமாகப் போனவர்களுக்கு அடுத்தடுத்த எண்கள் விழுந்திருக்கும்: புருஷன், பெண்சாதி, பிள்ளைகள். தனியாள் என்று நினைத்தவருக்குப் பக்கத்திலேயே அதே தகப்பன் பெயரோடு ஒரு தம்பி நிற்கலாம். அதே கிராமத்துப் பெயர் நான்கைந்து வரிகளில் தொடர்ந்து வந்தால், ஆள் பிடிக்க வந்தவன் அந்த ஊரிலிருந்து ஒரு கூட்டத்தையே அழைத்துப் போயிருக்கிறான் என்று பொருள். ஒரு வரியில் கிராமத்தின் பெயர் புரியாத மாதிரி எழுதியிருந்தால், பக்கத்து வரியில் அதே பெயர் கொஞ்சம் தெளிவாக இருக்கும். இந்த ஒரு பழக்கம் பாதிச் சிக்கலை அவிழ்த்துவிடும்.

இனிமேல்தான் நம் காதுக்கு வேலை. எழுதிய குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எதிரே நின்ற ஆளுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. அவர் சொன்னதை இவர் தன் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் போட்டார். பிறகு நூறு வருடம் கழித்து வேறொருவர் அந்தக் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தார். இரண்டு முறை பிசகியிருக்கலாம். குப்புசாமி 'கூப்பூசாமி' ஆகியிருப்பார், சுப்பிரமணி 'சூப்ரமோனி' ஆகியிருப்பார், கிருஷ்ணசாமி 'கிஸ்ட்னசாமி' ஆகியிருப்பார். கண்ணால் படித்தால் இவை அந்நியப் பெயர்கள். சத்தம் போட்டுப் படித்தால் நம் தெருப் பெயர்கள். ஒரே ஆள் மூன்று காகிதங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தால் அதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். எண் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

குடும்பப் பெயர் விஷயத்தில் இன்னொரு கோணல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் என்ற பழக்கமே இல்லை. தகப்பன் பெயர் முன்னெழுத்தாக நிற்கும், அடுத்த தலைமுறையில் மாறிவிடும். நேட்டால் அலுவலகத்துக்கோ குடும்பப் பெயர் வேண்டும். அதனால் ஏதோ ஒரு தலைமுறையில் தகப்பனின் சொந்தப் பெயர் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. இன்றைக்கு ஒரு குடும்பம் மூன்சாமி என்ற பெயரோடு இருந்தால், அவர்கள் வம்சத்தில் முனுசாமி என்று ஒருவர் இருந்தார் என்றுதான் பொருள். அவரே கப்பலேறியவராக இருக்கலாம், கப்பலேறியவரின் மகனாக இருக்கலாம், ஊரிலேயே இருந்துவிட்ட தகப்பனாகவும் இருக்கலாம். ஆகவே பட்டியலில் பெயர்க் கட்டத்தில் மட்டும் தேடாமல் தகப்பன் பெயர்க் கட்டத்திலும் தேட வேண்டும்.

அடுத்தது ஊர். இதில்தான் வெளிநாட்டு உறவினர்கள் தடுக்கி விழுவார்கள், நாம் உதவ முடியும். பட்டியலில் வட ஆர்க்காடு ஜில்லா என்று அடிக்கடி வரும்; நேட்டாலுக்கு நிறைய ஆட்களைக் கொடுத்த ஜில்லா அது. இன்றைய வரைபடத்தில் அப்படி ஒரு மாவட்டம் இல்லை. 1911 வரை சித்தூரும் அதில்தான் இருந்தது. 1989இல் அது வேலூர், திருவண்ணாமலை என்று பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாயின. தென் ஆர்க்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என்றாகி, 2019இல் கள்ளக்குறிச்சியும் பிரிந்தது. எனவே 'வட ஆர்க்காடு' என்று இருந்தால், இன்றைய தமிழ்நாட்டில் குறைந்தது நான்கு மாவட்டங்களையும் அதற்கு மேல் ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கத்தையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும். தாலுகாவைப் பிடித்தால்தான் வட்டம் சுருங்கும்.

திருப்பத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஒரு திருப்பத்தூர் சேலம் ஜில்லாவில் இருந்தது. 1911இல்தான் வட ஆர்க்காட்டுக்கு மாறியது. இன்னொரு திருப்பத்தூர் சிவகங்கைச் சீமையில், அப்போதைய மதுரை ஜில்லாவில். 1890ஆம் ஆண்டுப் பட்டியலில் ஜில்லா சேலம், தாலுகா திருப்பத்தூர் என்றிருந்தால், காரைக்குடிப் பக்கம் போய் விசாரிப்பது வீண் அலைச்சல். ஜில்லாவையும் தாலுகாவையும் எப்போதும் சேர்த்தே படியுங்கள். அந்த வருடத்து எல்லையை வைத்துப் படியுங்கள். வாண்டிவாஷ் என்பது வந்தவாசி, சிங்கிள்புட் என்பது செங்கல்பட்டு என்பதெல்லாம் நமக்குத் தெரியும். கிராமப் பெயர்தான் சோதிக்கும். புதூர், புதுப்பேட்டை மாதிரிப் பெயர்கள் தாலுகாவுக்கு நாலு இருக்கும். அப்போது பக்கத்து வரிகளில் உள்ள கிராமங்களைக் குறித்துக்கொண்டு, அவை எல்லாம் எந்த மூலையில் கூட்டமாக விழுகின்றன என்று வரைபடத்தில் பார்ப்பதுதான் ஒரே வழி.

பட்டியலில் எதை நம்பக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயது, பார்வைக்குத் தோன்றிய குத்துமதிப்பு. ஐந்து வருடம் முன்பின் போகும். சாதிக் கட்டம் இன்னும் வழுக்கும். ஆள் சேர்ப்பவனுக்குப் பிடித்த மாதிரி சொன்னவர்கள் உண்டு, பழைய அடையாளத்தைக் கடலில் போட்டுவிட்டுப் புதிதாகச் சொன்னவர்கள் உண்டு, குமாஸ்தா தனக்குத் தெரிந்த நாலு சொல்லில் ஒன்றைப் போட்டதும் உண்டு. கணவன் மனைவி என்ற உறவையும் கொஞ்சம் யோசித்துத்தான் ஏற்க வேண்டும். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. கப்பலுக்குக் காத்திருந்த டிப்போவிலேயே ஜோடி சேர்ந்தவர்கள் ஏராளம். தனியாகப் புறப்பட்ட ஒரு பெண்ணுக்கு அது ஒரு பாதுகாப்பு. கொள்ளுப்பாட்டியும் கொள்ளுத்தாத்தாவும் வேறு வேறு ஜில்லா என்று பட்டியல் சொன்னால் தப்பு என்று அடித்துவிடாதீர்கள்.

இறங்கிய பிறகு அந்த மனிதருக்கு என்ன நடந்தது? குறிப்புக் கட்டத்தில் ஒரு சொல் இருக்கும்: இறந்தார், இன்ன கப்பலில் ஊர் திரும்பினார், இன்னாரிடம் மாற்றப்பட்டார். அதற்கு மேல் தெரிய வேண்டுமானால் இரண்டு இடங்கள். ஒன்று, தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடல். அதன் சுருக்கப் பெயரைப் படித்தால் 'நாயர்ஸ்' என்று டீக்கடை மாதிரி ஒலிக்கும். கோப்புகளின் தலைப்பு வரிதான் அதில் வரும், கோப்பே வராது. ஆனால் தலைப்பே பேசும். இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்று ஓர் அதிகாரி இருந்தார். அவர் அலுவலகத்துக்கு வந்த புகார்கள், விண்ணப்பங்கள், விசாரணைகள் தனித் தொகுதியாக இருக்கின்றன. பெயரைப் போட்டுத் தேடுவதோடு எண்ணைப் போட்டும் தேடுங்கள்.

இந்தப் புகார்கள் எப்படிப்பட்டவை என்பதற்குப் பாலசுந்தரம் ஒரு சாட்சி. 1894இல் முதலாளி அடித்துப் பல் உடைந்து, ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு டர்பனில் காந்தியின் அலுவலகத்தில் வந்து நின்றவர் அவர். ஒரு தமிழ்த் தொழிலாளி. அவருடைய ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றித்தான் காந்தி அவரை மீட்டார். நமக்கு அவர் பெயர் தெரிவது வழக்கறிஞர் காந்தி என்பதால். அப்படி யாரும் கிடைக்காதவர்களின் கதைகள் அந்தக் கோப்புகளில் இருக்கின்றன. உங்கள் ஆளின் குறிப்பில் 'மாற்றப்பட்டார்' என்று பார்த்தால் அங்கே ஒரு கோப்பு இருக்கிறதா என்று கட்டாயம் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது இடம், சொத்துக் கோப்புகள். ஒருவர் கொஞ்சம் நிலமோ பணமோ விட்டு இறந்தால், நீதிமன்றத்தில் ஒரு கோப்பு திறப்பார்கள். அதில் இறப்பு அறிவிப்பு என்று ஒரு படிவம். பிறந்த இடம், தாய் தந்தை பெயர், மனைவி, உயிரோடிருக்கும் பிள்ளைகள் என்று குடும்பமே அதில் வந்துவிடும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சொத்துக் கோப்புகள், 1846 முதல் 1950 வரை உள்ளவை, ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மோர்மன் சபை நடத்தும் தளம் அது. ஒரு கணக்குத் தொடங்கினால் போதும். கப்பலேறியவர் ஒன்றும் சேர்க்காமல் போயிருந்தாலும், கறிகாய்த் தோட்டம் போட்டு நாலு காசு பார்த்த மகனுக்குக் கோப்பு இருக்கலாம். தாய் பெயர் என்ற கட்டத்துக்காகவே அதைத் தேடலாம், ஏனென்றால் கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர் மட்டும்தான்.

இந்தப் பக்கம், நம் ஊரில் என்ன இருக்கிறது? நேர்மையாகச் சொன்னால், குறைவு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாணத்தின் அரசாணைகள் இருக்கின்றன. குடிபெயர்வு பற்றிய கொள்கையும் கடிதப் போக்குவரத்தும் அவற்றில் கிடைக்கும். ஒரு கிராமத்துத் தனி மனிதரைத் தேடிப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வருவீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேடு நிலம் வைத்திருந்தவர்களின் பெயரைச் சொல்லும். கப்பலேறியவர்களில் பலருக்கு நிலமே இல்லை. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோவில் ஞானஸ்நானப் பதிவேடு நல்ல துணை.

மிச்சமெல்லாம் வாய்ச்சொல்தான். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஊருக்குள் போய் "முனுசாமியைத் தெரியுமா?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, போனவர் போய் நூற்று முப்பது வருடம் ஆகிறது. டர்பன் குடும்பத்திடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்: வீட்டில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள், பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப என்ன பெயர் வைக்கிறீர்கள், படையலில் என்ன வைப்பீர்கள்? அங்கே தமிழ் போயிருந்தாலும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது போகவில்லை. குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால், ஊரில் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று யாராவது ஒரு பாட்டி கை காட்டுவார். அந்தத் தெருவில், "எங்க வீட்லயும் ஒருத்தர் கப்பலேறிப் போனதா சொல்வாங்க" என்று யாராவது சொன்னால், உடனே தழுவிக்கொள்ள வேண்டாம். போனவருடைய தகப்பன் பெயர் என்ன என்று முதலில் கேளுங்கள். அவர்களாகச் சொல்லட்டும், பட்டியலில் உள்ள பெயரை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

நேட்டாலுக்கு அல்லாமல் ஏதாவது ஒரு தீவுக்குப் போனவர் என்றால் கதவு வேறு. மொரீஷியசுக்குப் போனவர்களின் பதிவேடுகள் மோக்கா என்ற ஊரில், மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அங்கே புகைப்படம்கூடக் கிடைக்கலாம். ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் போனது 1903 முதல்தான். ரியூனியன், குவாதலூப், மார்த்தினிக் போன்ற பிரெஞ்சுத் தீவுகளுக்குப் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகப் போனார்கள். அந்தத் தேடலுக்குப் பிரெஞ்சு தெரிந்த ஒருவர் துணை வேண்டும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பக்கத்தின் தலையில் காலனி எண்ணை எழுதுங்கள். கிடைத்த தகவலுக்குப் பக்கத்தில் அது எந்தக் காகிதத்தில் இருந்தது, எந்த நாளில் பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள். குடும்பத்தில் யாரோ சொன்னது என்றால் "அத்தை சொன்னது" என்றே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது, பட்டியலில் பார்த்தது எது, அத்தை சொன்னது எது என்று பிரிக்க முடியாமல் முழிப்போம். நான் முழித்திருக்கிறேன்.